புதுப்பிப்பு: கல்யாணப் பத்திரிகை இல்லாமலே பிரிட்டன் பார்ட்னர் விசா (துணையோடு போய்ச் சேர்ந்து வாழ்வதற்கான விசா) வந்துவிட்டது

மார்ச்சில் கேட்டிருந்தேன்: நானும் என் பார்ட்னரும் ஓசூரில் 14 மாதம் ஒன்றாக இருந்தோம், அப்புறம் அவர் வேலைக்காக பிரிட்டன் போய்விட்டார், நான் கிருஷ்ணகிரிக்கே திரும்பிவிட்டேன், திருமணம் ஆகாமல் இந்த உறவை எப்படி நிரூபிப்பது என்று. நேற்று விசா கிடைத்தது.

"2 வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கணும்" என்று பயமுறுத்தியவர்களுக்கு: அது பழைய விதி. 2024 ஜனவரி 31 முதல், திருமணத்துக்கு ஒப்பான உறவு 2 வருடம் இருந்தால் போதும். தனித்தனியாக இருந்தால் ஏன் என்று விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய தலைவலி வாடகை ஒப்பந்தம். வழக்கமான 11 மாதப் பத்திரம், அதுவும் அவர் பெயரில் மட்டும். கைகொடுத்தது கேஸ் புத்தகம்: என் பெயர், அதே முகவரி. வீட்டுக்கார அக்கா கோடு போட்ட நோட்டுத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைத்தேன். "தண்ணி லாரி வந்தா ரெண்டு பேரும் குடம் தூக்கிட்டு ஓடுவாங்க" என்ற வரியை எடுக்க மனசு வரவில்லை.

வாட்ஸ்அப் உரையாடலை மூட்டையாக ஏற்றாதீர்கள். மாதத்துக்கு ஒரு பக்கம், தேதி தெரிகிற மாதிரி எடுத்தேன். பாதி "சாப்டியா?"தான்.

அம்மா இன்னும் பேசவில்லை. டிக்கெட் போட்டாயிற்று.