புதுப்பிப்பு: நரம்பு, தசைப் பரிசோதனை முடிந்தது
வலது கை விரல்கள் மரத்துப்போவதால் மருத்துவர் எழுதிக்கொடுத்த நரம்புக் கடத்தல் சோதனையும் (நரம்பில் மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) ஈ.எம்.ஜி.யும் (தசையின் மின்சலனத்தை ஊசி வழியாகப் பார்ப்பது) மிகவும் வலிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் அருகிலுள்ள கிளினிக்கிலேயே முடிந்துவிட்டன. கை சில்லென்று இருந்தால் நரம்பின் வேகம் குறைவாகப் பதிவாகும் என்பதால், முதலில் கையைச் சூடுபடுத்திவிட்டு, அதன் பிறகே மின்முனைகளை ஒட்டி மணிக்கட்டில் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. சுண்டிவிட்டதுபோல் இருந்தது, பொறுத்துக்கொள்ளலாம். கட்டைவிரலின் அடித்தசையில் மெல்லிய ஊசியைச் செருகியபோதுதான் சுருக்கென்றது. தளர்ந்திருக்கும் நலமான தசையில் மின்சலனம் இருக்காது என்றும், விரலை அழுத்தும்போது ஒலிபெருக்கியில் கேட்கும் சடசடப்பு தசை வேலை செய்வதன் ஒலி என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, தசை பாதிக்கப்படவில்லை என்பதே முடிவு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் அதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். சோதனையன்று கையில் எண்ணெயோ க்ரீமோ தடவ வேண்டாம்.