சத்தம் தாங்காத சிறுவனுக்கு எந்த ஹெட்போன் பொருந்தும்?

மார்த்தாண்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறோம். 12 வயதான என் மகனால் திடீர்ச் சத்தங்களைத் தாங்க முடிவதில்லை. பேருந்தின் ஏர் ஹாரன், குக்கர் விசில், திருவிழாக் காலத்துச் சிங்காரி மேளம் எதைக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறான். செவித்திறன் சோதனையில் குறை ஏதும் தெரியவில்லை. நாள் முழுவதும் காதை மூடி வைத்தால் சத்தத்தின் மீதான கூச்சம் கூடிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருப்பதால், பயணத்துக்கும் விழா நேரத்துக்கும் மட்டுமே தேவைப்படுகிறது.

காதுக்குள் செருகும் நுரை அடைப்பானை அவன் ஏற்பதில்லை. தொழிற்சாலைகளில் அணியும் காதுக்கவசம் மேளத்தை நன்றாகவே அடக்கியது; ஆனால் அதன் இறுக்கத்தில் மூக்குக்கண்ணாடியின் தண்டு பொட்டில் அழுந்தித் தலைவலி வந்தது, நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வை வேறு.

ஓணத்துக்கு முன்பு 4,000 ரூபாய்க்கு வாங்கிய, இரைச்சலை நீக்கும் ஹெட்போன், பேருந்து எஞ்சினின் தொடர் உறுமலைக் குறைக்கிறதே தவிர, ஹாரனையும் விசிலையும் உள்ளே விட்டுவிடுகிறது. சீரான, தாழ்ந்த ஒலிக்கு எதிரலை உருவாக்குவதே இத்தொழில்நுட்பத்தின் பலம் என்பதால் அதில் வியப்பில்லை. பாட்டு ஓடாதபோது அதை இயக்கினால் காதுக்குள் அழுத்தம் ஏறுவதாகச் சொல்லி அவன் கழற்றிவிடுவதுதான் பெரிய சிக்கல். எல்லா மாடலும் இப்படித்தான் என்கிறார் கடைக்காரர்; எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியுடன் இணைய வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவிட முடியும். சோனி, போஸ் இரண்டையும் பார்த்து வருகிறேன்.

இரைச்சல் நீக்கும் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கக்கூடியதும், கண்ணாடியோடு அணிந்தாலும் அழுத்தாததுமான மாடல் எது என்று, பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்ல முடியுமா?