கார்பன் வீல் போட்டால் கைக்குத் தெரியுமா? ஒரு தித்தி கெராவாங் பஞ்சாயத்து

ஏத்தக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பினாங்குத் தீவைச் சுற்றிவிட்டு பாலிக் புலாவில் பசியாறும்போது ஆரம்பித்த சண்டை. வெயில் ஏறிவிட்டதால் பாதியில் எழுந்து வந்துவிட்டோம். வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: என் சைக்கிளில் அலுமினிய வீலைக் கழற்றிவிட்டு கார்பன் வீல் போட்டிருக்கிறேன். தெலுக் பகாங் அணையைத் தாண்டி தித்தி கெராவாங் ஏறும்போது எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தால் வண்டி பாய்கிறது. இறக்கத்தில் தார் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் முன்பு கையைக் குத்தும், இப்போது இல்லை. ஸ்போக் அண்ணன் கேட்டுவிட்டு, "நீ கொடுத்த ஆறாயிரம் வெள்ளி பேசுது" என்றார். அண்ணே, என் கை பொய் சொல்லுமா?

ஸ்போக் அண்ணன்:
கை பொய் சொல்லாது தம்பி. காரணம் சொல்வது வாய்தானே, அதைத்தான் நம்ப மாட்டேன் என்றேன். பழைய வீலில் என்ன டயர், எவ்வளவு காற்று?

ஏத்தக்காரன்:
25 மில்லிமீட்டர் அகல டயர், காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ. இப்போது 28, கடையில் 75 அடித்துக் கொடுத்தார்கள்.

ஸ்போக் அண்ணன்:
அப்போ நீ மாற்றியது காற்றை. பஞ்சாயத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம், ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்கினால் காற்று சரியான அளவு என்பது சைக்கிள் பற்றி எழுதிய பிராங்க் பெர்டோ சொன்ன கணக்கு. 28 டயருக்கு அது 4 மில்லிமீட்டர். அதே பாரத்தில் ஸ்போக் கட்டிய வீல் மேலும் கீழும் அமுங்குவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மெத்தை போட்டுப் படுத்தவனுக்குக் கட்டில் பலகை தேக்கா பலாவா என்று எப்படித் தெரியும்?

ஏற்றத்துக்கு வருவோம். வீலில் 300 கிராம் குறைந்தது என்று அன்றைக்குப் பசியாறும்போது சொன்னாய். நீ, வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வை. 0.35 சதவீதம். 20 நிமிட ஏற்றத்தில் 4 விநாடி மிச்சம். ரிம்மின், அதாவது வீலின் வெளி வளையத்தின், எடை சுழலுவதால் இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பார்கள். அது வேகம் கூட்டும்போது மட்டும். ஒரே வேகத்தில் ஏறும்போது எடை வெறும் எடைதான்.

பழைய ஸ்டீல்:
கணக்குப் போடுகிறவர்கள் வண்டி ஓட்டுவதில்லை. என்னிடம் ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டீல் குழாயில் கட்டிய வண்டி இருக்கிறது, 1935இல் வந்த குழாய். அதில் உட்கார்ந்தால் உயிர் இருக்கிறது. 1969இல் பிரான்சின் புளுவா சைக்கிள் மைதானத்தில் விழுந்து அடிபட்ட பிறகு பெல்ஜிய பந்தய வீரர் எடி மெர்க்ஸ் பந்தயம் நடக்கும்போதே சேடில் உயரத்தை மாற்றிக்கொண்டிருப்பார், தெரியுமா? அவருக்கும் மனப்பிரமையா?

ஸ்போக் அண்ணன்:
சேடில் உயரம் உடம்பு உட்காரும் நிலை. இடுப்புக்கும் முட்டிக்கும் சில மில்லிமீட்டர் பெரிய சங்கதி, அதை நான் மறுக்கவே இல்லை. குழாய் வேறு விஷயம். எந்தக் கலவையில் செய்தாலும் ஸ்டீலின் விறைப்பு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான், 531க்கும் அதே. அதில் கூடுவது வலிமை. வலிமை கூடினால் குழாய்ச் சுவரை மெல்லிசாக்கலாம், எடை குறையும், அவ்வளவுதான். 1990களில் ஓர் அமெரிக்க சைக்கிள் இதழ் இதைச் சோதித்தது. மொண்டோனிக்கோ என்ற இத்தாலியர் ஒரே அளவில் ஏழு பிரேம் கட்டினார், கொலம்பஸ் கம்பெனியின் மலிவான குழாயிலிருந்து விலை கூடினது வரை. எது எது என்று சொல்லாமல் ஓட்டிப் பார்த்ததில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பழைய ஸ்டீல்:
பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். பிறகு ஜான் ஹைன் தன் சைக்கிள் இதழில் இதே போலக் கண்ணைக் கட்டாத குறையாகச் சோதித்தார். சுவர்த் தடிப்பில் மட்டும் வித்தியாசம் உள்ள பிரேம்கள். ஓட்டியவர்களில் சிலர் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள்.

ஸ்போக் அண்ணன்:
சிலர்! அதுவும் மிதிக்கும்போது பிரேம் பக்கவாட்டில் வளைவதை வைத்து. நம் சண்டை ரோட்டுக் குலுக்கலைப் பற்றி.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்:
நடுவில் வருகிறேன். எனக்குத் தொழிற்சாலையில் அதிர்வு சோதனைதான் வேலை. அண்ணே, உங்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. விரல் தோலுக்கு விநாடிக்கு 250 அதிர்வு பக்கத்தில் கூர்மை அதிகம். அங்கே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவையே உணரும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் "சின்னது, தெரியாது" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏத்தக்காரன் தம்பி, அந்த அதிர்வு உன் கைக்கு வரும் வழியில் டயர், போர்க், ஹேண்டில்பார், டேப், கையுறை எல்லாம் இருக்கிறது. வித்தியாசம் தெரிவது ஒன்று, அது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. எங்கள் வேலையில் சென்சார் வைத்தே அதைப் பிரிப்பது கஷ்டம்.

இன்னொன்று. 25 பாகையில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர் 45 பாகைக்குச் சூடானால் 86 ஆகிவிடும். காலையில் பத்து பெரிங்கி கடற்கரையில் இருந்த வண்டியும் மதியம் பாலிக் புலாவில் இருக்கும் வண்டியும் ஒன்றில்லை.

ஏத்தக்காரன்:
அக்கா எனக்கு ஆதரவா, எதிரா?

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்:
சோதித்துப் பார் என்கிறேன். இரண்டு வீலுக்கும் ஒரே டயர், ஒரே பியூட்டைல் ரப்பர் டியூப், ஒரே காற்று. லேட்டக்ஸ் டியூப் வேண்டாம், ராத்திரியில் காற்று இறங்கிவிடும். ஓட்டுகிறவருக்கு எந்த வீல் என்று தெரியக்கூடாது.

ஸ்போக் அண்ணன்:
எப்படி மறைப்பது? மிதிப்பதை நிறுத்தினாலே வீலின் நடுவில் உள்ள ஹப் சத்தம் காட்டிக்கொடுக்கும். உயரமான கார்பன் ரிம் காற்றில் வேறு இரையும். காதை அடைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டச் சொல்ல மாட்டேன், பேருந்து வரும் பாதை.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்:
சரி, வீலை விடுங்கள். அவனுடைய கார்பன் வீலையே வைத்துக் காற்றை மட்டும் மாற்றுவோம், 70 அல்லது 80. நான் அடித்துவிட்டு விலகிவிடுவேன். குயின்ஸ்பே கடலோரப் பாதையில் ஓட்டிவிட்டு எது என்று சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும் காசு சுண்டித்தான் அளவை முடிவு செய்வேன். 10க்கு 9 சரியென்றால் ஒத்துக்கொள்ளலாம், குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான். டயரில் 10 பிஎஸ்ஐ வித்தியாசமே பிடிபடவில்லை என்றால் ரிம்மைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.

ஏத்தக்காரன்:
எனக்குச் சம்மதம். ஆனால் 9 வாங்கினால் கார்பனைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

ஸ்போக் அண்ணன்:
அது எப்படி? 9 வாங்கினால் உனக்குக் காற்று தெரிகிறது என்றுதானே அர்த்தம், நான் சொன்னதும் அதுதானே! கார்பனை நிரூபிக்க வேறு சோதனை வேண்டும்.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்:
அண்ணன் சொல்வது நியாயம். முதலில் இதை முடிப்போம். சனிக்கிழமை ஏழு மணி, பம்ப் நான் கொண்டு வருகிறேன். தோற்றவர் பசியாறக் காசு கொடுக்கட்டும்.

பழைய ஸ்டீல்:
நானும் வருகிறேன். 531ஐ மட்டும் சோதனைக்குத் தர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.