வாக்கு எண்ணும் மேசையிலும் வாக்குச்சாவடியிலும் நான் கண்டவை

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலின்போது, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் வாக்கு எண்ணும் பணிக்கு அனுப்பப்பட்டேன். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்ததால், என் மேசையில் சேவல் கட்டுகளும் இரட்டைப் புறாக் கட்டுகளும் தனித்தனியே குவிந்தன. எதிரில் அமர்ந்திருந்த முகவர் ஒருவர், அவ்விரண்டு அடுக்குகளையும் சேர்த்தால் உதயசூரியன் அடுக்கின் உயரம் வரும் என்று விரலால் அளந்து காட்டி, "எங்க ஜனம் எங்கயும் போவல சார், ரெண்டா நிக்குது" என்றார்.

அவர் சொன்னதை மாநிலக் கணக்கே மெய்ப்பித்தது. நூற்றுக்குச் சுமார் 33 வாக்குகளைக் கொண்டே தி.மு.க. 150 இடங்களைப் பெற்றது. பிளந்தவர்கள் இணைந்து காங்கிரசோடு கூட்டணியும் அமைத்து, ராஜீவ் காந்தி படுகொலையின் துயரமும் சேர்ந்துகொண்ட 1991 தேர்தலில், அதே தி.மு.க. நூற்றுக்குச் சுமார் 22 வாக்குகள் பெற்றும் 2 இடங்களோடு நின்றது. குறைந்த வாக்கு நூற்றுக்குப் பதினொன்று. இழந்த இடங்களோ 148. சபையின் தோற்றம் மாறும்போதெல்லாம் மக்கள் மனம் அடியோடு மாறிவிட்டதாகப் பேசுவோரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

சில சமயம் வாக்காளர் அசையாமலிருக்க, தொகுதியே நகர்ந்துவிடுகிறது. 2008 மறுவரையறையில் பேரணாம்பட்டுத் தொகுதி மறைந்தது, கே.வி.குப்பம் பிறந்தது, குடியாத்தம் பட்டியல் வகுப்பினருக்கான தனித்தொகுதியானது.

பொதுத்தேர்தல் வராமலேயே சபை மாறியதையும் கண்டேன். 2017இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்களில் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் உறுப்பினர்களும் அடங்குவர். 2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல் நடந்தபோது குடியாத்தம் பக்கத்து வாக்குச்சாவடி ஒன்றில் பணியில் இருந்தேன். பணப் பறிமுதலால் வேலூர் மக்களவைத் தேர்தல் இரண்டு நாள் முன்புதான் ரத்தாகியிருந்தது. மையிட்ட விரலோடு வந்த மூதாட்டி ஒருவர் ஒற்றை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, எம்.பி. ஓட்டுக்கு இன்னொரு பொட்டி எங்க?" என்று கேட்டார். அது ரத்தாகிவிட்டது, இன்று எம்.எல்.ஏ. வாக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். அந்த இடைத்தேர்தலில் ஆம்பூரும் குடியாத்தமும் தி.மு.க.வுக்குச் சென்றன, சோளிங்கர் அ.தி.மு.க.விடமே இருந்தது.