[கலைச்சொல்] தொட்டி ‘சைக்கிள்’ ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பல்லடத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழில் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 50 லிட்டருக்கு மேல் போகாமல், செலவு கையைக் கடிக்காமல், நாலு மிருதுப் பவளம், இரண்டு கோமாளி மீன் என்று எப்படித் தொடங்குவது என்பதுதான் விஷயம். நம் பக்கத்துப் பையன்கள் வீடியோ பார்த்துவிட்டுத் தொட்டியை வாங்கிவிடுகிறார்கள். கேள்வியெல்லாம் மீன் செத்த பிறகுதான் வருகிறது.

மீன் விடுவதற்கு முன் தொட்டியை ‘சைக்கிள்’ பண்ண வேண்டும் என்கிறோமே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இப்போதைக்கு ‘சுழற்சியாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். தங்கை படித்துப் பார்த்துவிட்டு, “மோட்டார் போட்டுத் தண்ணியச் சுத்த விடறதா?” என்று கேட்டாள். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்க.

இன்னொன்று. உயிர்ப்பாறை, அதாவது சிற்றுயிர்கள் ஏற்கெனவே குடியேறிய கடல் பாறை, போட்டால் சீக்கிரம் சைக்கிள் ஆகும், ராமேசுவரம் பக்கம் போனால் எடுத்து வரலாம் என்று ஒருவர் சொன்னார். அதையும் சேர்க்கலாமா?

கோவையிலிருந்து:

> இப்போதைக்கு ‘சுழற்சியாக்கம்’ என்று போட்டிருக்கிறேன்.

தம்பி, உங்கள் தங்கை கேட்டது சரியான கேள்வி. அந்தச் சொல்லைப் படிக்கிற யாருக்கும் மோட்டார்தான் ஞாபகம் வரும், அதிலும் கோயம்புத்தூர்க்காரனுக்கு!

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அங்கே பாதை ஏறக்குறைய முடிந்துவிடும். பாறையின் உள்துளைகளில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் கொஞ்சம் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் போகும். மற்றதை நாம்தான் வாரா வாரம் தண்ணீர் மாற்றி வெளியே எடுக்கிறோம். காட்டிலும் கடலிலும் சுற்றி வருவது உண்மையிலேயே சுழற்சிதான், பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி என்று இருப்பதும் சரிதான். நம் தொட்டியில் நடப்பது சுற்றி வருவதில்லை. ஆங்கிலக்காரர்கள் அரைகுறையாக வைத்த பெயரைச் சுமக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

தொடங்குகிறவருக்கு இந்த வேதியியலைவிட முக்கியமானது அதற்குப் பிடிக்கும் காலம். குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ் போன்றவற்றுக்கும் நைட்ரைட்டைத் தின்னும் நைட்ரோஸ்பைராவுக்கும் அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதிதாய்க் கழுவி வைத்த பாறை முழுக்க அவை படர நாலு முதல் ஆறு வாரம். அதற்குள் மீனை விட்டால், அது தன் கழிவின் விஷத்திலேயே நீந்த வேண்டியதுதான். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7 இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவில் விஷமான பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட வராது. கடல்நீர் 8.2-இல் நிற்கிறது, அங்கே அது நூற்றுக்கு ஏழெட்டு ஆகிவிடும். பாத்திரமும் தீனியும் அதேதான், கேடு மட்டும் பல மடங்கு.

ஆகவே நம் சொல்லுக்குள் ‘காத்திரு’ என்பது இருக்க வேண்டும். நான் வைப்பது தொட்டி பழக்குதல். புது மண்சட்டியை வாங்கி வந்த அன்றைக்கே குழம்பு வைப்பதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, கழுநீரோ வடிகஞ்சியோ ஊற்றி, மெல்லச் சூடு காட்டி, சில நாள் பழக்கிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவோம். ‘சட்டி பழக்கியாச்சா?’ என்று கேட்கிற வீட்டில், ‘தொட்டி பழக்கியாச்சா?’ என்று கேட்டால் விளக்கம் தேவைப்படாது. பழகிய தொட்டி, பழகாத தொட்டி, பழக்கும் காலம் என்று கிளைச்சொற்களும் தானாக வரும். ‘சுழற்சியாக்கப்படாத தொட்டி’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று தெரியும்.

பழக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மீனை விட்டுப் பழக்குவது கொடுமை, காசும் வீண். அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 50 லிட்டருக்குக் கிராமில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும். சோதனைக் கருவியில் அது இறங்குவதைப் பாருங்கள், பிறகு நைட்ரைட் ஏறி இறங்குவதைப் பாருங்கள். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் இரண்டுமே ஒரே நாளில் பூச்சியம் ஆனால் தொட்டி பழகிவிட்டது.

> செலவு கையைக் கடிக்காமல்

தொட்டி, விளக்கு, சின்ன மோட்டார், உப்பு, சோதனைக் கருவி எல்லாம் ஒருதரம் கணக்குப் போட்டு வாங்கிவிடலாம். கணக்கில் வராமல் பணம் போவது செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்குவதில். ஆறு வாரம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் வேறு எதில் மிச்சம் பிடித்தும் பயனில்லை. அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

உப்புக் கணக்கு பயப்படும்படி இல்லை. லிட்டருக்கு 35 கிராம் என்றால், 50 லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ. வாரம் ஐந்து லிட்டர் மாற்றினால் ஆண்டுக்கு ஒன்பது கிலோ சொச்சம். இதற்குத் தூத்துக்குடிக் கல்லுப்பு ஆகாதா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும், பிறகு சோடியம் குளோரைடு பூக்கும், மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். நம் கைக்கு வருவது அந்த நடுப்பகுதி மட்டும். பவளத்துக்கோ கால்சியம் 420 பி.பி.எம்., மக்னீசியம் 1300 அளவில் வேண்டும். பவளம் வளர்க்கும் தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்புதான் வழி.

கோவையிலிருந்து பொன்னானி பக்கம்தானே, கேன் கேனாகக் கடல்நீரே கொண்டு வரலாமே என்றும் கேட்பார்கள். பாரதப்புழை கடலில் விழும் முகத்துவாரம் அது. மழைக்காலத்தில் உப்பளவு எங்கேயோ இறங்கிக் கிடக்கும். நம் ஆழியாற்றுத் தண்ணீரும் அந்த ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. பொள்ளாச்சித் தண்ணீரைப் பொன்னானியில் போய் மொண்டு வருவதற்கு டீசல் வேறு செலவு பண்ணுவானேன்?

மின்சாரமும் பெரிய பாரம் இல்லை. 30 வாட் எல்.இ.டி. எட்டு மணி நேரம், 8 வாட் மோட்டார் நாள் முழுக்க, வெயில் நேரத்தில் ஒரு சின்ன விசிறி எல்லாம் சேர்ந்து நாளுக்கு அரை யூனிட்டைச் சற்றே தாண்டும். இரண்டு மாதத்துக்கு 35 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்விப்பான் வாங்கினால்தான் கணக்கு தலைகீழாகும். நமக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். காற்று வறண்டிருந்தால் விசிறி ஒன்றே இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். புழுக்கமான கடற்கரை ஊரில் அது இவ்வளவு வேலை செய்யாது. கடல் இல்லாத ஊரில் கடல் வைப்பதில் நமக்குக் கிடைத்த ஒரே சலுகை! கரூர், ஈரோட்டுக்காரர்கள் சித்திரை வெயிலுக்குக் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

விசிறி போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை உப்பில்லாத சுத்த நீரால்தான் நிரப்ப வேண்டும். இங்கே கையேட்டில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். ‘உப்புத் தண்ணி’ என்ற சொல்லை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். நம் ஊரில் உப்புத் தண்ணி என்றால் போர்வெல் தண்ணீர், நல்ல தண்ணி என்றால் சிறுவாணியோ பில்லூரோ. ‘உப்புத் தண்ணித் தொட்டி’ என்று எழுதினால் ஒருவர் மொட்டைமாடிக் குழாயைத் திறந்துவிடுவார். போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது நம் பக்கம் அபூர்வம் அல்ல. வீட்டு ஆர்.ஓ.வும் அதை முழுதாக இறக்காது, பின்னால் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று வேண்டும், அளவி பூச்சியம் காட்ட வேண்டும். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக்கு ரெசின் விற்கிறவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மென்னீராக்கும் ரெசினை வாங்கிவிடாதீர்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், டி.டி.எஸ். குறையாது. ஆக, ‘கடல்நீர்த் தொட்டி’ என்றே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

> உயிர்ப்பாறை … ராமேசுவரம் பக்கம் போனால் எடுத்து வரலாம்

வேண்டவே வேண்டாம், தம்பி. கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே பட்டியல். கடல் விசிறிக்கும் கடல் குதிரைக்கும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தது போதும், நாமும் சேர வேண்டாம். உலர்பாறையோ சுட்ட பீங்கான் பாறையோ போட்டு, ஏற்கெனவே பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து கைப்பிடி அளவு வடிகட்டிக் கல் வாங்கிப் போடுங்கள், வேலை அதுவே செய்யும். கோமாளி மீனும் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உருவாக்கியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்தது தீனிக்கும் சண்டித்தனம் பண்ணாது.

ஈரோட்டிலிருந்து:

> நான் வைப்பது தொட்டி பழக்குதல்.

அண்ணா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே இடிக்கும். வாங்கி வந்த மீனைப் பையோடு மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சூடும் உப்பளவும் ஒத்துவரச் செய்கிறோம் அல்லவா? அதைத்தான் எல்லாரும் ‘மீனைப் பழக்குவது’ என்கிறார்கள். ஒரே சொல் இரண்டு வேலைக்கு எப்படி?

‘பதப்படுத்தல்’ என்று முதலில் நினைத்தேன். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் தோல் ஷாப்பு என்று நினைப்பார்கள். ‘பக்குவமாதல்’ எப்படி? ‘தொட்டி பக்குவத்துக்கு வந்திருச்சு.’

அப்புறம், நவச்சாரம் என்ற பெயரைப் படித்துவிட்டு யாராவது ஈயம் பூசுகிறவரிடம் போய்க் கட்டியாக வாங்கி வரப் போகிறார்கள். அதில் செம்பு கொஞ்சம் கலந்திருந்தாலும் இறாலும் பவளமும் மிஞ்சாது. ஆய்வகத் தரம் என்று கையேட்டில் அழுத்தமாகப் போடுங்கள். கண்ணால் மதிப்பிட்டு ஒரு சிட்டிகை போடுகிற வேலையும் வேண்டாம், நகைத் தராசு மாதிரி சின்னத் தராசு நல்லது.

கோவையிலிருந்து:

அக்கா, நவச்சாரம் பற்றிச் சொன்னது அவசியமான திருத்தம்.

பக்குவத்தில் எனக்கு ஒரே குறை. பக்குவம் தானாக வரும், மாம்பழம் மாதிரி விட்டுவிடலாம் என்று தோன்றும். வெறும் உப்புத் தண்ணீரை, பாருங்கள், நானே அந்தச் சொல்லைப் போடுகிறேன், வெறும் கடல்நீரை ஆறு வாரம் வைத்திருந்தால் எந்தத் தொட்டியும் தயாராகாது. அம்மோனியா போட்டுத் தீனி காட்ட ஓர் ஆள் வேண்டும். பழக்குதல் என்பது நாம் செய்கிற வேலை. ‘பக்குவம்’ என்பதை அந்த வேலை முடிந்த நிலைக்கு வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மீனுக்கு ‘இணக்குதல்’ என்று வைத்தால் இடிக்காது. இரண்டு தண்ணீரையும் ஒத்துவரச் செய்வதுதானே அங்கே வேலை. சொட்டு விட்டுச் செய்வது ‘சொட்டு இணக்கம்’. சொட்டுநீர்ப் பாசனக் குழாயும் அதன் திருகும் எந்த உரக்கடையிலும் கிடைப்பதால் சாமானுக்கும் அலைய வேண்டாம்.

தாராபுரத்திலிருந்து:

பழக்குதலுக்கே என் ஓட்டு. எங்களுக்கு மாடு பழக்குவதும் அப்படித்தான், ஒரு நாளில் நுகம் ஏறாது. இடையில் ஒரு கேள்வி: பவளத்தை உடைத்து ஒட்டி வளர்க்கும் துண்டுக்கு, ‘ஃப்ராக்’ என்கிறோமே, என்ன பெயர்? கரும்புக்கு வெட்டி நடுவது ‘கரணை’. ‘பவளக் கரணை’ என்று சொல்லலாமா? காளான் பவளத்தையும், சோவாந்திட் என்கிற பொத்தான் பவளத்தையும் ஆளுக்கொரு கரணை மாற்றிக்கொண்டால் கடைக்கே போக வேண்டியதில்லை.

பல்லடத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றிங்க. கரணையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ராமேசுவரம் பத்தியை நீக்கிவிட்டேன். முதல் அத்தியாயம் இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்க:

“தொட்டி பழக்குதல்: கடல்நீர்த் தொட்டியில் முதல் மீனை விடுவதற்கு முன், கழிவை மாற்றும் பாக்டீரியாவைப் பாறையில் வளர்த்தெடுப்பது. ஆய்வகத் தரமான அம்மோனியம் குளோரைடு மட்டும் போடவும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். போட்ட அம்மோனியாவும் அதனால் வந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் பூச்சியமானால் தொட்டி பக்குவம். உடனே பாதித் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்து, ஒரே ஒரு மீனைச் சொட்டு இணக்கம் செய்து விடவும்.”

ஈரோட்டிலிருந்து:

‘ஒரே ஒரு மீன்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்க தம்பி. இரண்டாவது மீன் எப்போது என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் மறுநாளே வாங்கிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, அம்மோனியா மறுபடி பூச்சியம்தானா என்று பார்த்துவிட்டு.