பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பாமல் குடும்பத்தோடு வைத்திருக்க உதவும் வேலை: என்ன படிப்பது, எங்கே சேர்வது?

வெண்ணாறு:
பி.ஏ. சமூகவியல் கடைசி வருஷம். குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கும் எண்ணம் இல்லை. பிள்ளையை இல்லத்தில் கொண்டுபோய் விடும் நிலை வராதபடி குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலைதான் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்வதா, எம்.எஸ்சி. உளவியலா? தமிழ்நாட்டில் அரசுப் பக்கம் வாய்ப்பு உண்டா? நாள் முழுக்க கவுன்சலிங்தான் இருக்குமா?

படித்துறை:
எம்.எஸ்.டபிள்யூ. போங்க. உளவியல் படித்தால் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் நீங்க சொல்ற வேலைக்கு வீடு தேடிப் போகிற பயிற்சி வேணும். அது எம்.எஸ்.டபிள்யூ. களப்பணியில்தான் கிடைக்கும். சென்னை சமூகப்பணிக் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., திருச்சி பிஷப் ஹீபர்னு பல இடத்தில் இருக்கு. எந்தக் கல்லூரிங்கறதைவிட இரண்டாம் வருஷக் களப்பணிக்கு எங்கே அனுப்புறாங்க என்பதைக் கேளுங்க. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பினா நல்லது. பெரிய கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினா இரண்டு வருஷமும் வேறு பக்கம் போயிடும்.

அரசு வேலைன்னா பெரும்பாலும் மிஷன் வாத்சல்யா, அதாவது குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டம். அதில் மாவட்ட அலகில் பாதுகாப்பு அலுவலர் இரண்டு பேர்: ஒருவர் இல்லங்களைப் பார்ப்பவர், மற்றவர் இல்லம் சாராத பராமரிப்பை, அதாவது பிள்ளை குடும்பத்தில் வளர்வதைப் பார்ப்பவர். நீங்க குறி வைக்க வேண்டியது இரண்டாவது. தொகுப்பூதியம் மாதம் 27,804 ரூபாய். சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர் 18,536. புறத்தொடர்புப் பணியாளர் 10,592. அதுக்கு பிளஸ் டூ போதும். எல்லாமே ஒப்பந்தம்தான், நிரந்தரம்னு நம்பிச் சேராதீங்க. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. அனுபவச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் காத்திருக்கணும்.

களக்குறிப்பு:
கவுன்சலிங் கொஞ்சம்தான். அறிக்கை எழுதுவதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தையை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் சேராது) குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். அந்த அறிக்கைக்குப் படிவம் 22. பிள்ளை வீட்டில் இருக்கலாமா, இல்லத்துக்குப் போகணுமா என்று குழு தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தாள்களை வைத்துத்தான்.

சொதப்பல் அங்கேதான் நடக்கிறது. ஒரே ஒருமுறை, அதுவும் அம்மா மட்டும் இருக்கும்போது போய்விட்டு "வறுமை காரணமாகப் பராமரிக்க இயலவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். குழு வேறென்ன செய்யும்? இல்லத்துக்கு அனுப்பும். இல்லம் கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆகவே வறுமை என்று எழுதினால் கூடவே எழுத வேண்டியவை: மாத வருமானம், கடன், வட்டி, ரேஷன் அட்டை வகை, எந்த உதவித்தொகை வரணும், அது ஏன் வரவில்லை. அத்தை, பெரியம்மா, தாத்தா வீடு என்று மாற்று ஆட்கள் யார், அவர்கள் சம்மதம் என்ன. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நீங்களே பார்த்தீர்களா என்பது. முக்கியமாக, பிள்ளையிடம் தனியாகப் பேசினீர்களா என்பது. பெற்றவர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை சொல்வது பெற்றவரின் பதில்தான்.

அடி, குடி, பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சமாதானம் பேசக் கூடாது. பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப் பிரிவு 21-இல் தண்டனைக்குரியது. விவரத்தைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம்.

வெண்ணாறு:
நன்றி. வறுமைதான் காரணம்னா கையில் கொடுக்க ஏதாவது இருக்கா?

படித்துறை:
அதே மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு (ஸ்பான்சர்ஷிப்) இருக்கு. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்கணும். வீட்டில் இருக்கிற பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் தடுக்கவும் தரலாம், இல்லத்திலிருந்து வீடு திரும்பின பிள்ளைக்கும் தரலாம். மாவட்ட ஒப்புதல் குழு பார்த்துத்தான் முடிவு பண்ணும், ஒதுக்கீடும் அளவானது.

மனு நிற்பது காகிதத்தில். அப்பா இறந்திருந்தா இறப்புச் சான்று போதும். விட்டுட்டுப் போயிருந்தாதான் சிக்கல்: கைவிடப்பட்ட பெண்ணுக்கான சான்றை இ-சேவை மூலம் வாங்கணும், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை உண்டு, அதனால முதல் வாரமே மனு போட வைங்க. வருமானச் சான்றும் அப்படியே. அடுத்தது பெயர். ஆதார்ல ஒரு இனிஷியல், வங்கிக் கணக்குல வேறொண்ணுன்னா பணம் ஏறாது. பள்ளிச் சான்றோடு மூணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்க. பணம் வந்த பிறகும் வீட்டுக்குப் போயிட்டு இருக்கணும். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகலைன்னா உதவி நின்னுடலாம்.

ஆலமரத்தடி:
ஒரு சேர்க்கை. குடும்ப நல நீதிமன்ற ஆலோசகர், சகி ஒருங்கிணைந்த சேவை மையப் பணி இரண்டையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவதில் கணவன்-மனைவி வழக்கு, இரண்டாவதில் வன்முறைக்கு ஆளான பெண். அனுபவத்துக்கு இரண்டும் நல்லவை. நேர்முகத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள், தயாராகப் போங்கள். எந்தப் பிள்ளையின் பெயரோ படமோ உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-இல் குற்றம்.