டெபியன் பேக்கேஜ் கோரிக்கைகள்: பதிலே வராத பழைய வழுக்களை மூடலாமா?

நெய்தல் கேட்டது:

வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், டபிள்யூஎன்பிபி என்ற பெயரில் சேர்ந்துகிடக்கும் பழைய பேக்கேஜ் (நிறுவத் தயாராகத் தொகுத்த மென்பொருள்) கோரிக்கைகளை ஒழுங்குபடுத்த உதவலாம் என்று இறங்கியிருக்கிறேன். நான் டெபியன் டெவலப்பர் இல்லை. ஆனால் அந்த வழுப்பட்டியலில் யார் வேண்டுமானாலும் மின்னஞ்சல் மூலம் மாற்றம் செய்யலாம் என்பதால், கணக்கோ அனுமதியோ தேவைப்படவில்லை.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு: டபிள்யூஎன்பிபி உண்மையான பேக்கேஜ் அல்ல. "இந்த மென்பொருளை யாராவது தொகுத்துத் தாருங்கள்" என்று கேட்பது ஆர்எஃப்பி. "நான் தொகுக்கப் போகிறேன்" என்று அறிவிப்பது ஐடிபி. பராமரிப்பவர் விட்டுப்போன பேக்கேஜ்களும் உண்டு. எல்லாமே வழு அறிக்கைகளாக அந்த ஒரே பெயரில் பதிவாகின்றன.

இரண்டு சிக்கல். முதலாவது, பல வருடங்களாக அசைவே இல்லாத ஆர்எஃப்பி வழுக்களுக்கு, ஒவ்வொன்றின் எண் முகவரிக்கும் "இது உங்களுக்கு இன்னும் வேண்டுமா?" என்று எழுதினேன். ஐடிபிக்களுக்கு "இன்னும் இதில் வேலை நடக்கிறதா?" என்று கேட்டேன். என் மின்னஞ்சல்கள் வழுவின் பக்கத்தில் தெரிகின்றன. பதில் மட்டும் வரவே இல்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு மூடிவிடலாமா?

இரண்டாவது, ஓர் ஐடிபியின் தலைப்பை மாற்ற, வழுக்களில் மாற்றம் செய்யும் கட்டளைகளை ஏற்கும் கன்ட்ரோல் முகவரிக்குக் கட்டளை அனுப்பினேன். திரும்பி வந்த அறிக்கையில் தெரியாத கட்டளை, தெரியாத கட்டளை என்று வரிசையாக இருக்கிறது. மாற்றம் நடந்ததா இல்லையா என்று புரியவில்லை.

தொகுப்பி:

மூட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஆர்எஃப்பி பதிந்தவர்களிடம் உங்கள் கேள்வி போய்ச் சேரவே இல்லை என்று நினைக்கிறேன்.

வழு எண்ணை மட்டும் வைத்து அனுப்பும் மின்னஞ்சல் வழுவின் பக்கத்தில் பதிவாகும், பேக்கேஜைப் பராமரிப்பவருக்குப் போகும். வழுவைப் பதிந்தவருக்குத் தானாக நகல் போகாது. வேறு பேக்கேஜ்களில் இது பெரிய குறையாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே நாம் பேச நினைப்பது பராமரிப்பவரிடம்தான். டபிள்யூஎன்பிபியில் அப்படி இல்லை. இங்கே நாம் தேடுவது கேட்டவரையே. எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு சப்மிட்டர் என்று சேர்த்த முகவரிக்கு அனுப்பினால்தான் அவருக்குப் போகும். அப்போதும் அது வழுவின் பக்கத்தில் பதிவாகும், அதனால் பொதுப்பார்வையில் எதுவும் விடுபடாது.

ஐடிபியில் ஓனர், அதாவது பொறுப்பேற்றவர், யார் என்று பாருங்கள். பழைய ஐடிபிக்கள் சிலவற்றில் அந்த இடம் காலியாக இருக்கும். பதிந்தவரும் இப்போது பொறுப்பில் இருப்பவரும் வேறு வேறு ஆட்களாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் முகவரியையே நகல் வரியில் போட்டுவிடுவது நல்லது.

மின்னஞ்சல் அனுப்பும் முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. என்னைக் கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கேட்ட மென்பொருள் ஏற்கெனவே டெபியனுக்குள் வந்திருக்கலாம். தொகுத்தவர் மாற்றக்குறிப்பில் "குளோசஸ்" என்று எழுதி வழு எண்ணைச் சேர்த்திருந்தால், பேக்கேஜ் உள்ளே நுழைந்ததும் வழு தானாக மூடியிருக்கும். சேர்க்காமல் விட்டால் கோரிக்கை திறந்தபடியே கிடக்கும். பெயர் மாறி வந்திருந்தாலும் இதே கதிதான். பைதான் நூலகம் என்றால் பைதான்3 என்ற முன்னொட்டோடும், நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) நூலகம் என்றால் நோட் என்ற முன்னொட்டோடும் இருக்கும். கோரிக்கையில் உள்ள பெயரை அப்படியே தேடினால் அகப்படாது. விளக்கத்தில் உள்ள சொற்களையும் மூலத் திட்டத்தின் இணைய முகவரியையும் வைத்துத் தேடுங்கள்.

அடுத்து நியூ வரிசை. டெபியனுக்குள் முதன்முறையாக வரும் ஒவ்வொரு பேக்கேஜும் புதிய பேக்கேஜ்களைச் சரிபார்க்கும் குழுவின் பார்வைக்குப் போகும். உரிமம், பதிப்புரிமை எல்லாவற்றையும் மனிதர்கள் படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். சில நாளில் முடிவதும் உண்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஐடிபி செத்துப்போனது போல இருக்கும். ஆனால் தொகுத்தவர் தன் வேலையை முடித்துவிட்டு அங்கே காத்துக்கொண்டிருப்பார். அந்த வரிசை பொதுவில்தான் இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: இந்த வழு வேறொரு வழுவைத் தடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய செயலி ஒன்றைத் தொகுக்க வேண்டுமானால் அது சார்ந்திருக்கும் நூலகங்களையும் தொகுத்தாக வேண்டும். மூலநிரலைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லாப் செயலி டெபியனுக்குள் வந்தபோது ரூபி நூலகங்களும் நோட் நூலகங்களும் ஒவ்வொன்றாகத் தனி பேக்கேஜ் ஆக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சங்கிலியின் நடுவில் இருக்கும் கோரிக்கை தனியாகப் பார்த்தால் யாருக்கும் வேண்டாதது போலவே தோன்றும். அதை மூடிவிட்டால் மேலே இருப்பவரின் கணக்கு குலைந்துவிடும்.

அலைவரிசை:

இரண்டாவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன். கன்ட்ரோல் முகவரி உங்கள் மின்னஞ்சலை வரி வரியாகப் படிக்கும். ஒவ்வொரு வரியையும் ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பெயர், கையொப்பம், கீழே ஒட்டியிருக்கும் பழைய உரையாடல் எல்லாமே அதற்குக் கட்டளைதான். தெரியாத கட்டளை என்று வந்தவை அந்த வரிகளாகத்தான் இருக்கும்.

அறிக்கையின் மேல் பகுதியைப் பாருங்கள். தலைப்பு இதிலிருந்து இதற்கு மாற்றப்பட்டது என்று ஒரு வரி இருந்தால் வேலை முடிந்தது. கீழே வந்த பிழைகள் அதை ரத்து செய்யாது. இனிமேல் கடைசிக் கட்டளைக்கு அடுத்த வரியில் தேங்க்ஸ் அல்லது ஸ்டாப் என்று மட்டும் தனியாக எழுதுங்கள், அதோடு படிப்பதை நிறுத்திவிடும். மின்னஞ்சல் வெறும் உரையாக இருக்கட்டும், எச்டிஎம்எல் வேண்டாம். ஹேஷ் குறியில் தொடங்கும் வரியைக் கட்டளையாக எடுக்காது என்பதால், எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதை அங்கே எழுதலாம்.

செம்மண்:

எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. இவ்வளவு விசாரணையை ஒவ்வொரு கோரிக்கைக்கும் செய்ய நம்மிடம் ஆள் எங்கே இருக்கிறார்கள்? ஆர்எஃப்பி பதிவது எளிது. ஒரு மாலையில் தோன்றியதைப் பதிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் தேவைக்கு அவர்கள் வேறு வழி கண்டுபிடித்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். புதிதாக வரும் ஒருவர் "எதைத் தொகுக்கலாம்?" என்று அந்தப் பட்டியலைத் திறந்தால், உயிருள்ள கோரிக்கை எது, போனது எது என்று தெரியாமல் திரும்பிப் போகிறார். அவரை இழப்பது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

மென்பொருள் திட்டங்களை வைத்திருந்த கூகுள் கோடு தளம் 2016-இல் மூடியது. டெபியனின் சொந்த மூலநிரல் தளமான ஆலியோத் 2018-இல் போய் சல்சா வந்தது. அந்த முகவரிகளைச் சுட்டிக்கொண்டு நிற்கும் கோரிக்கைகள் எத்தனை! க்யூடி 4 என்ற நூலகம் டெபியன் 11-இலேயே இல்லை. பைதான் 2 டெபியன் 12-இல் இல்லை. அவற்றைச் சார்ந்த மென்பொருளை இன்று யார் தொகுக்க முடியும்? ஒரு வயது வரம்பு வைத்து மூடுவோம். மூடுவது அழிப்பது இல்லையே, பதிவு அப்படியே இருக்கும். வேண்டுமென்றால் திரும்பத் திறக்கலாம்.

தொகுப்பி:

நண்பரே, புதியவர் திரும்பிப் போவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதற்காகத்தான் இந்த வேலையே. பைதான் 2 மட்டுமே தெரிந்த, மூலநிரல் எங்கேயும் கிடைக்காத கோரிக்கையை மூடலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே காரணம் வயது இல்லை, தொகுக்க வழி இல்லாததுதான் காரணம். அந்தக் காரணத்தை எழுதிவிட்டு மூடினால் படிக்கிற எவரும் சரிபார்க்கலாம். முகவரி செத்திருந்தாலும் திட்டம் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கலாம், ஒரு தேடல் போட்டுப் பாருங்கள்.

வயதை மட்டும் வைத்து மூடினால் எழுத ஒரே காரணம்தான் இருக்கும்: பழையது. பழையதாவது கோரிக்கையின் குற்றம் இல்லை, அதை எடுக்க நம்மில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. உரிமம் சரியில்லை என்று ஒதுங்கிக் கிடப்பவையும் ஒருநாள் மாறும். ஜாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சன் நிறுவனம் 2006 நவம்பரில் அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் திறப்பதாக அறிவித்தது. 2007 மே மாதம் பெரும்பகுதி மூலநிரல் வெளியானது. அதற்கு முந்தைய வருடம் கேட்டிருந்தால் நடக்காத காரியம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிறைய பேர் டெபியனுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலே ஆர்எஃப்பிதான். பல வருடம் கழித்து அவர்களுக்கு நம்மிடமிருந்து போகும் முதல் பதில் "மூடப்பட்டது" என்ற ஒற்றை வரியாக இருக்கக் கூடாது. கன்ட்ரோலில் குளோஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆவணமே சொல்வது அதனால்தான், அதில் காரணம் போகாது. எண்ணோடு டன் (முடிந்தது) என்று சேர்த்த முகவரிக்கு விளக்கத்தோடு எழுதி மூடுங்கள், அந்த விளக்கம் கேட்டவருக்கும் போகும்.

ஐடிபி விஷயத்தில் மூடுவது பற்றியே யோசிக்க வேண்டாம். பதில் வரவில்லை என்றால் தலைப்பை ஆர்எஃப்பி என்று மாற்றி, பொறுப்பேற்றவர் பெயரை நீக்கும் நோஓனர் கட்டளையும் சேர்த்து அனுப்புங்கள். தேவை பட்டியலில் இருக்கும், இடம் காலி என்று மற்றவர்களுக்கும் தெரியும். முன்பு தொகுக்க நினைத்தவர் திரும்பி வந்தால் மறுபடியும் எடுத்துக்கொள்ளட்டும்.

நெய்தல்:

மிக்க நன்றி. தலைப்பு மாறித்தான் இருக்கிறது, கையொப்ப வரிகள்தான் பிழையாக வந்திருந்தன. சப்மிட்டர் முகவரிக்கு அனுப்பத் தொடங்கியதும் பதில்கள் வருகின்றன. ஒருவர் தனக்கு இனி வேண்டாம், மூடிவிடுங்கள் என்றார். இன்னொருவர் பாதி தொகுத்து வைத்திருந்ததை சல்சாவில் போட்டிருக்கிறார், யாராவது தொடரட்டும் என்று. ஒரு கோரிக்கை வேறு பெயரில் ஏற்கெனவே உள்ளே இருந்தது. சில முகவரிகள் செயலில் இல்லை என்று திரும்பி வந்தன. அதை வழுவிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

நான் அனுப்புவது இதுதான், மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று தமிழில் எழுதுகிறேன்: "நீங்கள் கேட்ட மென்பொருள் இப்போது டெபியனில் இல்லை. மூலத் திட்டம் இந்த இடத்தில் இருக்கிறது, கடைசி வெளியீடு இந்தத் தேதி. இன்னும் உங்களுக்குத் தேவையா? தேவை என்றால் திறந்தே இருக்கும். பதில் வராவிட்டாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் மூட மாட்டேன்."

எவ்வளவு நாள் காத்திருப்பது? அப்புறம், நிறைய ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

தொகுப்பி:

ஐடிபிக்கு நான் இரண்டு மாதமாவது கொடுப்பேன். ஃப்ரீஸ் காலம் (வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலம்) என்றால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். டெபியன் 13 வெளியான 2025 ஆகஸ்ட் 9-க்கு முந்தைய சில மாதங்கள் புதிய பேக்கேஜ் எதுவும் டெஸ்டிங்குக்குள், அதாவது அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் பதிப்புக்குள், போக முடியாத காலம். அப்போது எல்லோர் கவனமும் இருக்கிற வழுக்களைத் தீர்ப்பதில்தான் இருக்கும்.

பத்துக்கு மேல் ஒரே மாதிரி வழுக்களைப் பதிவதானால் முதலில் டெபியன்-டெவல் மடலாற்றக் குழுவில் பேசுங்கள் என்று டெவலப்பர் கையேடு சொல்கிறது. மூடுவதற்கும் அதே மரியாதையைக் கடைப்பிடிப்பது நல்லது. என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி, பட்டியலையும் இணைத்துவிடுங்கள்.

மூடியவற்றில் யாராவது ஆட்சேபித்தால் உடனே திறந்துவிடுங்கள். மூடி 28 நாள் அசைவில்லாமல் இருந்தால் வழு ஆவணக்காப்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு முதலில் அன்ஆர்க்கைவ், அடுத்த வரியில் ரீஓப்பன் என்று இரண்டு கட்டளையும் தேவைப்படும்.